ஏழாம் பெட்டுக்குப் போன ஒரு பாக்கெட்

ஜனவரி 9

அண்ணி அவர்களுக்கு,

நீங்கள் சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. என்னையும் கேட்க வேண்டாம்.

காகிதத்தில் எழுதுகிறாளே, இவளுக்கென்ன பைத்தியமா என்று நினைப்பீர்கள். உங்கள் நம்பரைத் தடுத்துவிட்டேன். மின்னஞ்சல் அனுப்பலாம்தான். ஆனால் ஒயரில் போகிற எதையும் பிடித்துவைத்து அதற்கு அரைப் பக்கம் சுருக்கம் எழுதுவதுதானே உங்கள் தொழில். இது தபால்காரர் பையில் வருகிறது. முடிந்தால் அவர் மீது ஒரு கேப்சர் போட்டுப் பாருங்கள்.

நேற்று தலைமை நர்ஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு சஸ்பென்ஷன் தாளை நீட்டினார். "நான் என்னம்மா பண்றது? மானிட்டர் சரியான நேரத்துக்கு அலாரம் அனுப்பியிருக்குன்னு நெட்வொர்க் பிரிவுல இருந்து ரிப்போர்ட் வந்திருக்கு. கையெழுத்து யாருதுன்னு பாரு. உன் சொந்த அண்ணி!" என்றார். பார்த்தேன். கல்யாணப் பதிவேட்டில் பார்த்த அதே அழகான கையெழுத்து.

ஏழாம் பெட் நோயாளி இறந்த அன்று மத்தியானம் நடந்ததை வீட்டிலேயே உங்கள் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னேன். மறந்திருந்தால் இன்னொரு தடவை சொல்கிறேன். இதய வார்டில் பதினான்கு பெட். ஒவ்வொரு பெட்டுக்கும் ஒரு மானிட்டர். நோயாளிகள் தூங்க வேண்டும் என்பதற்காகப் பெட்டருகே சத்தத்தை அடைத்துவிட்டோம். மணி அடிப்பது நர்ஸ் மேசையில் இருக்கும் திரையில் மட்டும்தான். கூட இருந்தவள் சாப்பிடப் போயிருந்தாள். நான் இரண்டாம் பெட்டில், திரைச்சீலைக்கு உள்ளே, ஒரு அம்மாவுக்கு டிரிப்ஸ் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. அடித்த மறு நொடி ஓடினேன். ஏழாம் பெட்டில் இருந்த பஸ் டிரைவர் நீலம் பாய்ந்து கிடந்தார். நெஞ்சை அழுத்தினோம், டாக்டர் வந்தார், என்னவெல்லாம் உண்டோ அத்தனையும் செய்தோம். போய்விட்டார்.

உங்கள் அரைப் பக்கம் என்ன சொல்கிறது? நான் மணியைக் கேட்டதற்குப் பல நிமிடங்களுக்கு முன்பே அலாரம் புறப்பட்டுவிட்டதாம். அப்படியென்றால் மணி அடித்துக்கொண்டிருந்தபோது நான் காதைக் குடைந்துகொண்டு நின்றேன் என்றுதானே அர்த்தம்?

ஒரே கூரைக்குக் கீழே ஐந்து வருஷம் இருந்தோம். நேற்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு தோழியின் அறைக்கு வந்துவிட்டேன். அண்ணன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். அவனால் முடிந்தது அவ்வளவுதான். நீங்கள் அறையை விட்டே வெளியே வரவில்லை.

என்ன பார்த்தீர்கள், எதை வைத்து அப்படி எழுதினீர்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார் என்று எழுதவே கூசுகிறது


ஜனவரி 14

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரரைப் பற்றிய நக்கலுக்கு உன் அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நீ கேட்டதால் சொல்கிறேன், ஒரே தடவைதான். உங்கள் மேசைத் திரை விட்டு விட்டு நிற்கிறது என்று டிசம்பர் முழுக்க வீட்டில் என் உயிரை வாங்கியது யார்? நீ. உன் தொல்லை தாங்காமல்தான் என் ஆட்கள் அந்தக் கணினியை மாற்றினார்கள். மாற்றிய பிறகு சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, பெட் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியில் ஒரு கேப்சர் போட்டேன். அந்த ஒயரில் போகிற ஒவ்வொரு பாக்கெட்டும், அதாவது ஒவ்வொரு தகவல் துண்டும், ஒரு கோப்பில் பதிவாகும். அன்றைய கோப்பும் அப்படித்தான் என் கைக்கு வந்தது.

அது மலை மாதிரி இருக்கும். மனிதக் கண்ணால் படித்து மாளாது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை தட்டினால் எத்தனை பாக்கெட், முதலாவது எப்போது, கடைசி எப்போது, சராசரியாக என்ன அளவு என்று பத்து வரியில் சுருக்கிக் கொடுத்துவிடும். அலாரம் பாக்கெட்டுகளை மட்டும் பிரித்துவைத்து அதே கட்டளையை ஓட்டினேன். முதல் அலாரம் எப்போது புறப்பட்டது என்று வந்தது. வந்ததை எழுதினேன். அந்தக் கருவிக்கு அண்ணியும் தெரியாது, நாத்தனாரும் தெரியாது. நீ மணியை எப்போது கேட்டாய் என்பது அதற்குத் தேவையில்லாத விஷயம்.

இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள். பொறுமை உனக்கு வராது, இருந்தாலும் கேள். இந்த விசாரணை ஒரு மெமோவோடு முடிந்துவிடும். குழுவில் இருப்பவர்களுக்கு இதை வளர்க்கும் எண்ணமில்லை. "கவனிக்கத் தவறிவிட்டேன், இனி நடக்காது" என்று நான்கு வரி எழுதிக் கொடு. வேறு வார்டுக்கு மாற்றல் கேள். ஆறு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். தோண்டாதே. நான் உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று நீ நம்ப மாட்டாய். அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

குளியலறையில் உன் சாமான்கள் அப்படியே கிடக்கின்றன. எடுத்துக்கொண்டு போகிறாயா, தூக்கி எறியவா?

அண்ணி


ஜனவரி 18

அண்ணி அவர்களுக்கு,

தூக்கி எறியுங்கள். என்னையே எறிந்தாயிற்று, ஷாம்பூ பாட்டிலுக்கு என்ன?

"கவனிக்கத் தவறிவிட்டேன்" என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நான்கே வரியாம். எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? பஸ் டிரைவரின் மனைவி அதைப் படிப்பார். அவர் அன்று காலையில்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு "நீ டியூட்டில இருந்தா நான் நிம்மதியா வீட்டுக்குப் போயிட்டு வருவேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதரும் லேசுப்பட்டவர் இல்லை. நான் ஊசியோடு வந்தால் வாயாலேயே ஹாரன் அடிப்பார். வழி விடு, பெரிய வண்டி வருகிறது என்பார். ஒரு மெமோவுக்குப் பயந்து, அவரைச் சாக விட்டது நான்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

போட மாட்டேன். அதற்கு முன்னால் எனக்கு மணி கேட்கவில்லை. அது அடித்தபோதுதான் கேட்டது. இதை யார் தலையில் அடித்துச் சொல்வேன்?

இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் எழுதியதில் இருக்கும் விஷம் எனக்குப் புரிகிறது. இந்த வீட்டுக்கு நீங்கள் வந்த முதல் மாதமே நான் துவைக்கும் மெஷினில் என் யூனிஃபார்மை உங்கள் புடவைகளோடு போட்டேன் என்று அம்மாவிடம் போய் நின்றீர்கள். "ஆஸ்பத்திரி அழுக்கு" என்றீர்கள், நீங்களும் அதே ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்கிக்கொண்டு. நான் டீ போட்டால் அடுப்பைத் துடைக்க வந்து நிற்பீர்கள். நான் சாவியைத் தொலைத்தால் ஊரைக் கூட்டுவீர்கள். "இவ பொறுப்பில்லாதவ" என்பது உங்கள் வாய்ப்பாடு. இப்போது அதையே ஆஸ்பத்திரி முத்திரையோடு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். மனசு குளிர்ந்ததா?

தோண்டாதே என்கிறீர்களே, எதை மறைக்கிறீர்கள்? பத்து வரிச் சுருக்கம் எனக்குப் போதாது. அந்தக் கோப்பிலிருந்து உங்கள் கருவி என்னென்ன சொல்லுமோ அத்தனையும் எனக்கு வேண்டும் என்று விசாரணைக் குழுவுக்கு எழுதிவிட்டேன். நேற்றே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். உங்கள் துறைக்கு இந்நேரம் வந்திருக்கும்.

இப்போது பூசி மெழுகுங்கள் பார்க்கலாம்.


ஜனவரி 21

முட்டாளே,

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய்? உன் மனு என் மேசையில் இருக்கிறது. உடனே அதைத் திரும்பப் பெறு. அம்மா உடம்புக்கு முடியவில்லை என்று சொல், மனசு சரியில்லை என்று சொல், என்ன வேண்டுமானாலும் சொல். குழு அடுத்த வாரம் கூடுவதற்குள் அந்தத் தாள் அங்கிருந்து போயாக வேண்டும்.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ சொல்ல வைக்கிறாய்.

அந்தக் கருவியை இன்னொரு மாதிரியும் ஓட்டலாம். யார் யாரோடு பேசினார்கள், இந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பாக்கெட், அந்தப் பக்கத்திலிருந்து எத்தனை என்று அட்டவணை போட்டுக் கொடுக்கும். உங்கள் வார்டு அட்டவணை எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். மானிட்டர்கள் ஓயாமல் பேசும். மேசைத் திரை கேட்டுக்கொண்டிருக்கும், பதில் பேசாது. ஒரு பத்தியில் ஆயிரக்கணக்கில் இருக்கும், எதிர்ப் பத்தியில் பூஜ்யம். மேசையிலிருந்து பெட்டுக்கு ஒரு பாக்கெட் போக வேண்டுமென்றால், யாராவது சைலன்ஸ் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் அலாரம் சில நிமிடம் வாயை மூடிக்கொள்ளும், பிறகு மறுபடி அடிக்கும். இது எனக்குத் தெரிவதை விட உனக்கு நன்றாகத் தெரியும்.

ஏழாம் பெட்டை மட்டும் எடுத்தேன். அலாரம் புறப்பட்ட நேரத்திலிருந்து நீ மணியைக் கேட்டதாகச் சொன்ன நேரம் வரைக்கும் அட்டவணை போட்டேன். எதிர்ப் பத்தியில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருக்கிறது.

புரிகிறதா? மணி அடித்திருக்கிறது. நீ அதை அடக்கிவிட்டு நரம்பு தேடப் போயிருக்கிறாய். அது மறுபடி அடித்தபோது ஓடியிருக்கிறாய். பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை. நாள் முழுக்க ஒன்றுமில்லாததற்கெல்லாம் அந்த மணி அலறுகிறது என்று நீயே வீட்டில் சொல்லியிருக்கிறாய். கை பழக்கத்தில் அழுத்தியிருக்கும், உனக்கு ஞாபகமே இருக்காது.

அதனால்தான் அந்த அட்டவணையை நான் குழுவுக்குக் கொடுக்கவில்லை. முதல் பத்து வரியை மட்டும் கொடுத்தேன். கவனக்குறைவு என்று மெமோவோடு போகட்டும் என்று விட்டேன். அட்டவணை போனால் மெமோ கிடையாது. அலாரத்தை அணைத்து ஒரு நோயாளியைச் சாகவிட்டாள் என்று வேலை போகும், நர்ஸ் பதிவும் போகும், கோர்ட் வாசலில் நிற்பாய். நான் மறைத்தது தெரிந்தால் என் வேலையும் போகும். யாருக்காக இதையெல்லாம் செய்தேன் என்று நினைக்கிறாய்? மனசு குளிர்ந்ததா என்று கேட்கிறாய்! உனக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாம்?

மனுவைத் திரும்பப் பெறு. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.


ஜனவரி 25

அண்ணி அவர்களுக்கு,

கிழிக்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. தோழி கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துவிட்டாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான். நாங்கள் எல்லோரும் அழுத்துவோம். நெஞ்சில் ஒட்டியிருக்கும் பட்டை நழுவினாலும் மணி அடிக்கும், நோயாளி திரும்பிப் படுத்தாலும் மணி அடிக்கும், பல் தேய்த்தாலும் அடிக்கும். நாற்காலியில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டே கை போய் அழுத்திவிட்டு வரும். எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். நானும் அழுத்தியிருக்கிறேன். அன்றும் அழுத்தினேனோ? என் கையையே எனக்கு எதிரியாக்கிவிட்டீர்கள். அதற்காக உங்களை நான் சபிக்கிறேன்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். இரண்டாம் பெட் அம்மாவுக்கு நரம்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. கையுறை போட்டுக்கொண்டு திரைச்சீலைக்குள் போனவள் வெளியே வரவேயில்லை. ஒரு தடவை குத்தித் தவறி, மறு கையில் தேடினேன். அந்த அம்மா வலியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மறுநாள் நகத்தடம் பார்த்து நீங்களே கேட்டீர்களே, "யாரோட சண்ட?" என்று. மேசைக்கும் இரண்டாம் பெட்டுக்கும் நடுவில் வார்டு முழுக்க இருக்கிறது. என் கை என்ன ரப்பரா, நீண்டுபோய் அழுத்துவதற்கு?

நான் அழுத்தவில்லை. உங்கள் அட்டவணையில் ஒன்று இருந்தால் இருக்கட்டும். ஏன் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை, என் வேலை இல்லை.

மனுவைத் திரும்பப் பெற மாட்டேன். அட்டவணையைக் கொடுங்கள். வேலை போகட்டும், பதிவு போகட்டும், கோர்ட்டிலேயே நிற்கிறேன். உங்கள் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஊரெல்லாம் என்னைக் கவனக்குறைவு என்று சொல்ல, நீங்கள் மட்டும் மனசுக்குள் "கொலைகாரி, நான்தான் காப்பாற்றினேன்" என்று நினைத்துக்கொண்டு எனக்குச் சோறு போடுவீர்கள். அந்தச் சோறு எனக்கு வேண்டாம்.

நீங்கள் கொடுக்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தை நானே குழுவிடம் கொடுப்பேன்.


ஜனவரி 28

சின்னவளுக்கு,

மிரட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாய். சரி.

நாளைக்கு அட்டவணையைக் கொடுக்கிறேன். நான் ஏன் முதலில் கொடுக்கவில்லை என்பதையும் எழுதிக் கொடுக்கிறேன். உன் அண்ணனிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் சேந்து என்னை ஏண்டி கொல்றீங்க?" என்றார். பிறகு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். இந்த விஷயத்தில் அவர் எடுத்த அதிகபட்ச நடவடிக்கை இது.

வெறும் ஒன்றைக் காட்டினால் குழுவில் இருக்கும் டாக்டர்களுக்குப் புரியாது. ஒன்று இருந்தால் என்ன என்பார்கள். அதனால் மற்ற பெட்களுக்கும் அதே நேரத்துக்கு அட்டவணை எடுத்துப் பக்கத்தில் வைக்கப் போகிறேன். பதின்மூன்று இடத்தில் பூஜ்யமும் ஏழாம் பெட்டில் மட்டும் ஒன்றும் இருந்தால் குழந்தைக்குக்கூடப் புரியும். உனக்கும் புரியும் என்று நம்புகிறேன். கை ரப்பரா என்று என்னிடம் கேட்டாயே, அதைக் குழுவிடம் கேள்.

இனி நீயாச்சு, உன் வழக்காச்சு. எனக்கும் உனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.


ஜனவரி 31

சின்னவளுக்கு,

நீ பதில் எழுதுவதற்குள் இதை எழுதுகிறேன்.

உன் வாயை அடைக்கத்தான் எல்லா பெட்களுக்கும் ஓட்டினேன். அதை மறைக்க விரும்பவில்லை. ஏழாம் பெட் மட்டும் என்று போட்டிருந்த வடிகட்டியை எடுத்துவிட்டு, வார்டு முழுக்க ஒரே அட்டவணையாக வரட்டும் என்று கட்டளையைத் தட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் எதிர்ப் பத்தியில் எங்குமே பூஜ்யம் இல்லை. முதல் பெட்டுக்கு ஒன்று. இரண்டாம் பெட்டுக்கு ஒன்று. பதினான்கு வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஒன்று. கட்டளையில்தான் எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி தட்டினேன். மறுபடியும் அதேதான்.

பதினொன்றாம் பெட் அன்று காலியாக இருந்தது. ஆளே இல்லாத பெட்டுக்கு யார் போய் சைலன்ஸ் அழுத்துவார்கள்?

அதற்கப்புறம்தான் அந்தப் பாக்கெட்டைத் திறந்து பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. அது சைலன்ஸ் இல்லை. மேசைக் கணினி அணைந்து மறுபடி எழுந்தால் எல்லா மானிட்டர்களுக்கும் நான் வந்துவிட்டேன் என்று ஆளுக்கு ஒன்று அனுப்பும். கையேட்டில் இருக்கிறது. ஏழாம் பெட்டிலிருந்து அலாரம் புறப்பட்டபோது உங்கள் மேசைத் திரை இருட்டாக இருந்திருக்கிறது. அது எழுந்து வந்த பிறகுதான் மணி அடித்தது. நீ கேட்டபோதுதான் அது அடித்தது.

ஏன் அணைந்தது என்றும் தெரிந்துவிட்டது. டிசம்பரில் என் ஆட்கள் உங்களுக்கு மாற்றிக் கொடுத்த கணினி, கணக்குப் பிரிவிலிருந்து கழற்றி வந்தது. நெட்வொர்க்கில் அதற்கிருந்த பழைய பெயரை மாற்றாமல் அப்படியே வைத்துவிட்டார்கள். அலுவலகக் கணினிகளுக்கெல்லாம் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்வது மத்தியான சாப்பாட்டு நேரத்தில். அப்போது யாரும் இருக்கையில் இருக்க மாட்டார்கள், யாருக்கும் தொந்தரவு இருக்காது என்று அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது நான். கணக்குப் பிரிவின் கணினி என்று நினைத்து அந்த அப்டேட் உங்கள் வார்டுத் திரையை அணைத்திருக்கிறது.

எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். எங்கள் துறைத் தலைவர் தாளைப் பார்த்துவிட்டு, "இத இப்ப குடுத்தே ஆகணுமாம்மா? அந்தப் பொண்ணுக்கு மெமோவோட போயிடும். நமக்கு அப்படிப் போகாது" என்றார். கொடுத்தே ஆக வேண்டும் என்றேன். குழுவின் முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பக் கூப்பிடுவார்கள் என்று தோன்றவில்லை. அந்த டிரைவரின் மனைவியிடம் குழுவே சொல்லும் என்றார்கள். நானும் போய்ச் சொல்வேன்.

உன் மேல் இருந்த கோபம் போகவில்லை. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. நான் தப்பு செய்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டால் நீ அந்தக் காகிதத்தையும் சுருட்டி எறிவாய் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

அண்ணி


பிப்ரவரி 9

அண்ணி அவர்களுக்கு,

சுருட்டி எறியவில்லை. மடித்து வைத்திருக்கிறேன். சந்தோஷப்படாதீர்கள், பாசத்தில் இல்லை. யாராவது மறுபடி கேட்டால் காட்டுவதற்கு.

என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதே வார்டு. தலைமை நர்ஸ் எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். சஸ்பென்ஷன் தாளை நீட்டியபோது கதவைச் சாத்திக்கொண்டவர், இதற்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். டிரைவரின் மனைவி வந்தார். நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னதாகச் சொன்னார். உங்களை உட்காரச் சொல்லவில்லையாம். நல்ல வேலை செய்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் வந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினான். அண்ணிக்கு வேலை போய்விட்டது, தன் வாயாலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருக்கிறாள், உனக்காகத்தானே முதலில் மறைத்தாள், வீட்டுக்கு வா என்றான். உனக்காகத்தானே! உங்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்த வார்த்தை வசதியாக இருக்கிறது.

எனக்காக இல்லை அண்ணி. இதை மட்டும் நீங்கள் புரிந்துகொண்டால் போதும். திரை அணைந்தது கணினிக் கோளாறு. அது எங்கேயும் நடக்கும், யாருக்கும் நடக்கும், அதற்காக நான் உங்களை வெறுக்கவில்லை. அந்த டிரைவரின் மனைவி உங்களை மன்னிப்பாரா மாட்டாரா என்பது உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கும் விஷயம். என் கணக்கு வேறு. அட்டவணையில் ஒரு ஒன்றைப் பார்த்த உடனே அது நான்தான் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து பெட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊர் பேர் தெரியாத ஒரு நர்ஸாக இருந்தால் பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றையும் மூன்று தடவை சரிபார்க்கிறவர் நீங்கள், வீட்டில் கேஸ் அடுப்பைக்கூட மூன்று தடவை. என் விஷயத்தில் மட்டும் ஒரு தடவை போதும் என்று விட்டுவிட்டீர்கள்.

நான் அழுத்தவில்லை என்று நம்பி, உங்கள் வேலைக்குப் பயந்து என்னைக் கைவிட்டிருந்தால், கோழை என்று திட்டிவிட்டு ஒரு வருஷத்தில் வீட்டுக்கு வந்திருப்பேன். நீங்கள் என்னை நம்பாமல் காப்பாற்றினீர்கள். இதற்கு எப்படி வருவேன்?

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் அந்த அட்டவணையைப் பார்த்த நாளிலிருந்து என் சஸ்பென்ஷன் வரைக்கும் நாம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். உப்பு வேண்டுமா என்று கேட்டீர்கள். தூங்கினாயா என்று கேட்டீர்கள். என் கையில் நகத்தடம் ஆறிவிட்டதா என்றுகூடக் கேட்டீர்கள். அந்தப் பொத்தானை நீ அழுத்தினாயா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஏன் என்னிடம் கேட்கவில்லை?

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.


பிப்ரவரி 13

சின்னவளுக்கு,

நீ இல்லை என்று சொல்லியிருப்பாய். நான் நம்பியிருக்க மாட்டேன். அது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்கவில்லை.

அண்ணி